கார்ட்டூன் உருவத்துக்கு உடம்பு வேண்டும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கார்ட்டூன் வரையக் கற்கிறவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளையும் நான் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதியிருக்கிறேன். எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் 1928-க்கும் 1950-க்கும் இடைப்பட்ட அமெரிக்க அனிமேஷன் கூடங்களிலிருந்து வருகின்றன. கார்ட்டூன் உருவம் தட்டையான சித்திரமாக இருந்து, எடையும் மனமும் உள்ள ஓர் ஆளாக மாறியது அந்த இருபது ஆண்டுகளில்தான். அந்த மாற்றம் எப்படி நடந்தது என்று புரிந்தால் உங்கள் தாளில் எது குறைகிறது என்பதும் புரிந்துவிடும்.

‘திரட்சி’ என்று அடிக்கடி சொல்கிறீர்கள். அது என்ன?

உருவத்தைப் பார்க்கும் கண், அதற்கு முதுகுப் பக்கமும் இருக்கிறது என்று நம்ப வேண்டும். அதுதான் திரட்சி. எலுமிச்சம்பழத்தை வெறும் வட்டமாக வரையுங்கள், வட்டமாகவே இருக்கும். காம்பு எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று ஒரு சிறு வளைவால் காட்டுங்கள். உடனே அது பழமாகிவிடும். நிழல் தீட்ட வேண்டியதில்லை, வண்ணம் வேண்டியதில்லை. கோடு எங்கே வளைகிறது, எது எதை மறைக்கிறது என்ற இரண்டு செய்திகளே போதும்.

டிஸ்னி கூடத்தில் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் உழைத்த ஃப்ராங்க் தாமஸும் ஆலி ஜான்ஸ்டனும் 1981-இல் அனிமேஷனின் 12 அடிப்படைகளை எழுதிவைத்தார்கள். திரட்சியான வரைவு அவற்றில் ஒன்று. மற்றப் பதினொன்றும் இதன் தோளில்தான் நிற்கின்றன என்பது என் கருத்து.

முகம் நன்றாக வருகிறது. உடம்பைச் சேர்த்ததும் படம் செத்துப்போகிறது. ஏன்?

நீங்கள் முகத்தில் ஓர் உணர்ச்சியை வரைந்துவிட்டு, அதற்குக் கீழே உணர்ச்சியே இல்லாத ஓர் உடம்பை மாட்டுகிறீர்கள். எனக்கு வரும் கேள்விகளில் பாதிக்கு மேல் இதன் வேறு வேறு வடிவங்கள்தான்.

அழத் தொடங்கும் ஒரு குழந்தையைக் கவனியுங்கள். வாய் கோணுவதற்கு முன்பே தோள்கள் மேலே ஏறிவிடும், வயிறு உள்ளே இழுத்துக்கொள்ளும், கால்விரல்கள் தரையைப் பற்றும். முகம் கடைசியில்தான் சேர்ந்துகொள்கிறது. கோபக்காரரின் கழுத்து தோளுக்குள் புதைந்து முன்னால் நீளும். வெட்கப்படுகிறவரின் எடை முழுவதும் ஒரே காலுக்குப் போய்விடும். பஸ் நிறுத்தத்தில் முதுகைக் காட்டி நிற்கிறவர்களை நான் வெகுநாள் வரைந்திருக்கிறேன். யார் அவசரத்தில் இருக்கிறார், யார் பஸ் வராவிட்டாலும் கவலைப்படமாட்டார் என்பது முகத்தைப் பார்க்காமலே தெரியும்.

எனவே வரிசையை மாற்றுங்கள். முதலில் தலையிலிருந்து குதிகால் வரை ஓடும் ஒரே ஒரு கோடு. இதை ஓட்டக் கோடு என்று வைத்துக்கொள்வோம். மகிழ்ச்சியில் அது பின்பக்கம் வில்லாக வளையும், துயரத்தில் முன்பக்கம் கவிழும், பதுங்கும்போது பாம்பு போல இரண்டு வளைவு எடுக்கும். அடுத்தபடி தோள்களின் சாய்வும் இடுப்பின் சாய்வும். எடை ஒரு காலில் இறங்கினால் அந்தப் பக்க இடுப்பு உயரும், அந்தப் பக்கத் தோள் தாழும். இரண்டும் கிடைமட்டமாகவே இருந்தால் உருவம் கடைவாசலில் நிறுத்திவைத்த பொம்மை மாதிரி நிற்கும். இவை அமைந்த பிறகு மார்பு, வயிறு, தலை ஆகிய திரள்களை வையுங்கள். கண்ணும் வாயும் எல்லாவற்றுக்கும் பிறகு.

சோதனை எளிது. படம் முடிந்ததும் தலையை உள்ளங்கையால் மறைத்துவிட்டு வீட்டில் யாரிடமாவது காட்டுங்கள். “இவனுக்கு என்ன மனநிலை?” என்று கேளுங்கள். சரியாகச் சொன்னால் கையை எடுக்கலாம். சொல்லவில்லை என்றால் முகத்தைத் திருத்தி நேரத்தை வீணாக்க வேண்டாம். இடுப்பிலிருந்து மறுபடி தொடங்குங்கள்.

தலையைத் திருப்பினால் முகம் வழுக்கி எங்கோ போய்விடுகிறது.

ஒரு ரப்பர் பந்து வாங்குங்கள். பேனாவால் அதன் நடுவே மேலிருந்து கீழாக ஒரு கோடு, குறுக்கே சுற்றிலும் ஒரு கோடு. குறுக்குக் கோட்டின் மேல் இரண்டு கண்கள், இரண்டு கோடுகளும் சந்திக்கும் இடத்துக்குக் கீழே ஒரு மூக்கு, பக்கங்களில் காதுகள். இந்தப் பந்தைத் திருப்பித் திருப்பி ஒரு வாரம் வரையுங்கள்.

பந்து கீழே குனியும்போது குறுக்குக் கோடு கிண்ணம் போலத் தொங்கும். காதுகள் கண்களைவிட மேலே ஏறும். அண்ணாந்து பார்க்கும்போது அதே கோடு வானவில் போல எழும்பும். காதுகள் கீழே இறங்கும். பக்கவாட்டில் திரும்பினால் நடுக்கோடு ஓர் ஓரமாக நகர்ந்து வளையும். அப்பால் இருக்கும் கண் ஒடுங்கும். மூக்கு அப்பாலுள்ள கன்னத்தைத் தாண்டி வெளியே நீட்டும் நிலையும் ஒன்று உண்டு. இதில் மனப்பாடம் செய்ய எதுவும் இல்லை. கையில் பந்து இருக்கிறது, பார்த்து வரைகிறீர்கள், அவ்வளவுதான்.

பந்து கைவந்த பிறகு தாடைக்கு இன்னொரு சிறு உருண்டையை ஒட்டுங்கள். பழைய அமெரிக்கக் கார்ட்டூன் தலைகளில் பெரும்பாலானவை இந்த இரண்டு உருண்டைகளின் சேர்க்கையே: மண்டைக்கு ஒன்று, கன்னமும் தாடையும் சேர்ந்த கீழ்ப்பகுதிக்கு ஒன்று. மேலே பெரிதும் கீழே சிறிதுமாக வைத்தால் கெட்டிக்காரக் குட்டி. மேலே சிறிதும் கீழே பெரிதுமாக வைத்தால் மூளையைவிடத் தாடைக்கு வேலை அதிகமுள்ள அடியாள்.

மிக்கி மவுஸ் வெறும் வட்டங்கள்தானே? உலகப் புகழ் பெற்றதே!

தொடக்கத்தில் வட்டங்கள்தான். 1928 நவம்பரில் திரைக்கு வந்த மிக்கியை அப் ஐவர்க்ஸ் வரைந்தார். தலை ஒரு வட்டம், உடல் ஒரு வட்டம், கைகால்கள் எலும்பில்லாத ரப்பர் குழாய்கள். வேகமாக வரைவதற்கு அது அருமையான ஏற்பாடு. ஆனால் அந்த மிக்கி ஓடலாம், ஆடலாம், உதை வாங்கலாம், தயங்க முடியாது. ஒரு முடிவுக்கு வர முடியாமல் நிற்கிற மனத்தைக் காட்ட அந்த உடம்பில் இடமே இல்லை.

1930-களில் ஃப்ரெட் மூர் என்ற இளைஞர் அதை மாற்றினார். 1911-இல் பிறந்தவர், பள்ளிக்கூடம் போய் ஓவியம் படித்தவர்களைவிடக் கையிலேயே வரம் வாங்கி வந்தவர். உடல் வட்டத்தைப் பேரிக்காய் வடிவமாக்கினார். கத்திரிக்காய் என்றும் சொல்லலாம்: மேலே குறுகி, கீழே கனத்து நிற்கும் வடிவம். வட்டத்துக்கு மேல் எது, கீழ் எது என்று தெரியாது. கத்திரிக்காய்க்குத் தெரியும். கீழே கனம் வந்ததும் உருவத்துக்குத் தரை கிடைத்தது, வளைய முதுகு கிடைத்தது. கன்னங்களை வாயோடு சேர்த்து அசைய வைத்தார். 1939-இல் வெளியான குறும்படத்தில் கண்ணுக்குள் தனிப் பாவையும் வந்தது. அதன் பிறகு மிக்கி ஓரக்கண்ணால் பார்க்க முடிந்தது.

காதுகள் மட்டும் விதிவிலக்கு. தலை எந்தப் பக்கம் திரும்பினாலும் அவை இரண்டு முழு வட்டங்களாகவே தெரியும். உடல் முழுவதும் திரட்சி கொண்ட பிறகு ஒரே இடத்தில் செய்யும் பொய்யைக் கண் மன்னித்துவிடுகிறது. எல்லா இடத்திலும் பொய் சொன்னால் மன்னிக்காது.

மாவுச் சாக்கு வரையச் சொல்கிறார்களே, அதில் என்ன உணர்ச்சி வரும்?

எல்லா உணர்ச்சியும் வரும். டிஸ்னி கூடத்தில் புதியவர்களுக்கு இது ஒரு தேர்வாகவே இருந்தது: பாதி நிரம்பிய மாவுச் சாக்கு, நான்கு மூலைகள், முகமே கிடையாது. அதை வைத்து வெட்கம், கர்வம், சோர்வு, பொறாமை என்று காட்ட வேண்டும்.

சாக்கு ஏன் இவ்வளவு நல்ல ஆசிரியர் என்றால், அதற்குள் இருக்கும் மாவின் அளவு மாறாது. நிமிர்ந்தால் மாவு அடியில் சேரும். வளைந்தால் உட்புறத் துணி மடிப்புகளாகச் சுருங்கும், வெளிப்புறத் துணி இழுபட்டு விறைக்கும். மேலிரு மூலைகள் தோள்களாகும், கீழிரு மூலைகள் பாதங்களாகும். மாவு எங்கே கனக்கிறது என்று உணர்ந்தால்தான் சாக்கு சோர்ந்து உட்காரும். நம் வீட்டு அரிசிப் பையைச் சுவரோரம் சாய்த்துவைத்துப் பாருங்கள். பையில் கால் பங்கு அரிசி இருக்கும்போது அது சாயும் விதம் ஒன்று, முக்கால் பங்கு இருக்கும்போது வேறு. இரண்டையும் வரைந்து பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். ஒன்று களைத்துப்போன ஆள், மற்றது விருந்து சாப்பிட்ட ஆள்.

அமுக்கியும் இழுத்தும் வரைந்தால் வேறு ஆளாகிவிடுகிறதே?

கன அளவை மறந்துவிட்டீர்கள். நீர் நிரப்பிய பலூனை மேலிருந்து அழுத்தினால் பக்கங்களில் பிதுங்கும். இழுத்தால் ஒடுங்கி நீளும். உள்ளே இருக்கும் நீர் அதே அளவுதான். உயரத்தைப் பாதியாக்கிவிட்டு அகலத்தை அப்படியே விட்டால் உருவம் அமுங்கியதாகத் தெரியாது, சிறுத்துவிட்டதாகத் தெரியும்.

முகத்தில் இன்னொரு நுணுக்கம் உண்டு. மண்டை எலும்பு அசைவதில்லை, கீழ்த்தாடைதான் அசைகிறது. வாய் பிளக்கும்போது தொடக்கக்காரர்கள் பழைய முகத்துக்குள்ளேயே பெரிய ஓட்டை ஒன்றை வரைந்துவிடுவார்கள். மோவாய் இருந்த இடத்திலேயே நிற்கும். தாடையைக் கீழே இறக்குங்கள். முகம் நீளட்டும், கன்னம் ஒட்டட்டும். மேல் பற்கள் மண்டையோடு சேர்ந்தவை, அவை நகரக் கூடாது. கீழ்ப் பற்கள் தாடையோடு இறங்க வேண்டும். இந்த ஒரு திருத்தத்தால் மட்டும் எத்தனையோ மாணவர்களின் படங்கள் ஒரே மாலையில் பேசத் தொடங்கியிருக்கின்றன.

நான் வரையும் சிரிப்பு பொய்ச் சிரிப்பாகத் தெரிகிறது.

1862-இல் துஷேன் என்ற பிரெஞ்சு மருத்துவர் முகத் தசைகளை மின்சாரத்தால் தூண்டி, ஒவ்வொன்றும் என்ன செய்கிறது என்று புகைப்படங்களோடு வெளியிட்டார். உதட்டோரத்தை மேலே இழுக்கும் தசையை நாம் நினைத்தபோது இயக்கலாம். கண்ணைச் சுற்றியுள்ள தசையோ உண்மையான மகிழ்ச்சியில்தான் தானாகச் சுருங்குகிறது என்று அவர் கண்டார். புகைப்படக்காரர் “சிரிங்க” என்று சொன்னதும் வரும் சிரிப்பும், பேரன் ஓடிவந்து கட்டிக்கொள்ளும்போது தாத்தாவுக்கு வரும் சிரிப்பும் வேறுபடும் இடம் கண்தான்.

ஓவியத்தில் இது முழுக்கக் கட்டமைப்புச் செய்தி. வாயோரம் மேலே போனால் கன்னம் என்ற உருண்டை மேலே தள்ளப்படும். அந்த உருண்டை கீழிமையை முட்டி நேராக்கும், சில சமயம் வானவில்லாக வளைக்கும். அதாவது, சிரிப்பில் கண்ணின் கீழ்க்கோடு மாறியே தீர வேண்டும். நீங்கள் வாயை மட்டும் வளைத்துவிட்டுக் கன்னத்தை இருந்த இடத்திலேயே விட்டுவிட்டீர்கள். மிக்கியின் கன்னத்தை மூர் அசைய வைத்ததன் அருமை இங்கேதான் புரியும்.

மற்ற உணர்ச்சிகளிலும் ஒரு பகுதி இன்னொன்றைத் தள்ளுகிறது அல்லது இழுக்கிறது. துயரத்தில் புருவங்களின் உள்முனைகள் மட்டும் மேலே எழும். அச்சத்தில் புருவம் முழுவதும் எழும்பி, ஒன்றை நோக்கி ஒன்று நெருங்கும். கோபத்தில் இறங்கி நெருங்கி, மேலிமையை அழுத்தும். அருவருப்பில் மூக்கின் பக்கங்கள் சுருங்கி மேலுதட்டைத் தூக்கும். பழைய அனிமேஷன் கலைஞர்கள் மேசையில் கண்ணாடி வைத்திருந்ததற்குக் காரணம் இதுதான். நீங்களும் வையுங்கள். வாய்விட்டு நடித்துப் பாருங்கள்; கூச்சம் இரண்டே நாளில் போய்விடும்.

கண்களுக்கு ஏதாவது தனி விதி உண்டா?

கண் உருண்டை, இமை அதன்மேல் போர்த்திய தோல். இமைக்கோடு உருண்டையைச் சுற்றி வளைய வேண்டும். மேலிமை பாவையைச் சற்றுத் தொட்டுக்கொண்டிருந்தால் இயல்பு; பாவையைச் சுற்றிலும் வெள்ளை தெரிந்தால் அதிர்ச்சி. இரண்டு பாவைகளும் ஒரே பொருளைப் பார்க்கின்றனவா என்று கட்டாயம் சரிபாருங்கள்.

வட்டமும் உருண்டையும் வைத்துக் கட்டினால் படம் விறைத்துப்போகாதா? எனக்குச் சுதந்திரமாக வரையப் பிடிக்கும்.

1940-களின் தொடக்கத்தில் வார்னர் கூடத்தில் பாப் கிளாம்பெட் என்ற இயக்குநரின் குழுவில் இருவர் அருகருகே வேலை பார்த்தார்கள். ஒருவர் ராபர்ட் மெக்கிம்சன். அளவு பிசகாத கை. பக்ஸ் பன்னி என்ற முயலின் புகழ்பெற்ற 1943 மாதிரித் தாள், அதாவது எல்லோரும் ஒரே மாதிரி வரைய உருவத்தைப் பல பக்கமும் காட்டும் தாள், அவர் வரைந்தது. இன்னொருவர் ராட் ஸ்கிரிப்னர். அவர் கையில் உருவங்கள் பசை போல இழுபடும், பற்கள் வெளியே தெறிக்கும், கண்கள் தலையைவிடப் பெரிதாகும். மேலோட்டமாகப் பார்த்தால் ஒருவர் இலக்கணம், இன்னொருவர் காட்டாறு.

ஸ்கிரிப்னரின் காட்சிகளை நிறுத்தி ஒவ்வொரு சட்டமாக (ஃப்ரேம்) பாருங்கள். எவ்வளவு இழுபட்டாலும் வாய் தலையின் உருளையைச் சுற்றித்தான் வளைகிறது. பல்வரிசை தாடையின் வளைவைத்தான் பின்பற்றுகிறது. உச்சத்துக்குப் போய்த் திரும்பும்போது அதே முயல் அதே அளவில் வந்து நிற்கிறது. எங்கிருந்து கிளம்பினோம் என்று கை அறிந்திருப்பதால்தான் அவ்வளவு தூரம் போக முடிகிறது. வீடு இல்லாதவன் ஊர்சுற்றுவதற்கும் வீடு உள்ளவன் பயணம் போவதற்கும் உள்ள வேறுபாடு அது.

விறைப்பு வேறு காரணத்தால் வருகிறது. உருண்டைகளை முதலில் வைத்துவிட்டு ஓட்டக் கோட்டைப் பிறகு தேடினால் விறைப்பு வரும். இடமும் வலமும் ஒரே மாதிரி வளைந்தாலும் வரும்: இரண்டு கையும் ஒரே நிலையில், காலின் இருபுறமும் ஒரே வளைவு. ஒரு பக்கம் வளைவு என்றால் எதிர்ப்பக்கம் ஏறக்குறைய நேர்கோடு என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் சொந்தக் கெண்டைக்காலைப் பாருங்கள். பின்புறம் திரண்டிருக்கும், முன்புறம் எலும்பு நேராக இறங்கும்.

தட்டையான பாணியில் வரைகிறவர்களுக்கு இதெல்லாம் எதற்கு?

1941-இல் டிஸ்னி கூடத்தில் பெரிய வேலைநிறுத்தம் நடந்தது. அந்தக் காலத்தில் அங்கிருந்து வெளியேறியவர்களில் சிலர் சேர்ந்து யுபிஏ என்ற கூடத்தை வளர்த்தார்கள். திரட்சியை வேண்டுமென்றே விட்டுவிட்டு, கோடும் வண்ணத் தளமுமாக வரைந்தார்கள். 1950-இல் அவர்கள் வெளியிட்ட ‘ஜெரால்ட் மெக்போயிங்-போயிங்’ குறும்படம் ஆஸ்கர் விருது பெற்றது. அந்தப் பையன் தட்டைதான். ஆனால் அவன் மாடிப்படி ஏறும்போது எந்தக் காலில் எடை இருக்கிறது என்று தெரிகிறது, ஏனென்றால் வரைந்தவர்கள் அதைப் பல ஆண்டுகள் படித்தவர்கள். தெரிந்தே விட்டுவிடுவதும் தெரியாமல் விடுபட்டுப்போவதும் தாளில் ஒரே மாதிரி இருப்பதில்லை.

கைகளை வரைய முடியவில்லை. பாக்கெட்டுக்குள் விட்டுவிடுகிறேன்.

வெளியே எடுங்கள். முகத்துக்கு அடுத்தபடி பேசுவது கைதான்.

உள்ளங்கையை முதலில் ஒரு தடித்த சப்பாத்தி உருண்டையாக வையுங்கள். கட்டைவிரல் அதன் பக்கவாட்டிலிருந்து தனித் திரளாகக் கிளம்பும். மற்ற விரல்களை ஒரே தொகுதியாக, விரல்பை மாட்டிய கை போல முதலில் வரைந்து, பிறகு பிரியுங்கள். மூன்று விரலும் ஒரு கட்டைவிரலும் என்பது அமெரிக்கக் கார்ட்டூனின் பழைய வழக்கம். வேலை குறையும், சிறிய கையில் நெரிசலும் குறையும்.

மிக்கிக்கு வெள்ளைக் கையுறை வந்தது 1929-இல். கறுப்பு உடம்புக்கு முன்னால் கறுப்புக் கை போனால் எதுவும் தெரியவில்லை. கையுறை அதைத் தீர்த்தது. இதில் ஒரு பொதுப் பாடம் இருக்கிறது. உங்கள் உருவத்தை முழுவதும் கறுப்பாக நிரப்பினாலும், அந்த நிழலுருவை வைத்தே என்ன செய்கிறான் என்று தெரிய வேண்டும். டீ குடிக்கிறவனின் டம்ளர் மார்புக்கு முன்னால் மறைந்துவிட்டால், அவனைச் சற்றுத் திருப்பி டம்ளரை வெளிக்கோட்டுக்கு வெளியே கொண்டுவாருங்கள்.

கார்ட்டூன் வரைய மனித உடலை நேரில் பார்த்து வரையப் பழக வேண்டுமா?

வேண்டும். 1932 நவம்பரில் லாஸ் ஏஞ்சலஸில் டிஸ்னி கூடத்துக்குள்ளேயே மாலை வகுப்புகள் தொடங்கின. ஷுவினார்டு ஓவியப் பள்ளியின் டான் கிரஹாம் ஆசிரியர். பகலெல்லாம் எலியும் வாத்தும் வரைந்தவர்கள் மாலையில் உயிருள்ள மனிதரை எதிரே நிறுத்தி வரைந்தார்கள். 1935 டிசம்பரில் வால்ட் டிஸ்னி, கிரஹாமுக்கு நீண்ட குறிப்பு ஒன்று எழுதினார். கார்ட்டூனின் வேலை நிஜத்தைப் படியெடுப்பது அல்ல, அதைப் பெருக்கிக் காட்டுவது. ஆனால் நிஜத்தை முதலில் அறியாமல் பெருக்க முடியாது என்பது அதன் சாரம்.

மாதிரிக்கு ஆளை அமர்த்த வேண்டியதில்லை. கீரை விற்கும் அம்மா கட்டைத் தூக்கி வைக்கும்போது எங்கே வளைகிறார், ரயிலில் நின்றுகொண்டே தூங்குகிறவரின் முழங்கால் என்ன செய்கிறது என்று கவனித்து, 30 நொடிக்குள் பத்துக் கோட்டில் பிடியுங்கள். ஒருவரை உற்றுப் பார்த்து அவருக்குச் சங்கடம் தராதீர்கள். ஒருமுறை பார்த்து, நினைவிலிருந்து வரைவது இன்னும் நல்ல பயிற்சி.

தலையை எவ்வளவு பெரிதாக வைப்பது?

வளர்ந்த மனிதரின் உயரம் சுமார் ஏழரைத் தலை. சின்னஞ்சிறு கார்ட்டூன் உருவங்கள் மூன்று தலைக்குள் அடங்கிவிடும். பெரிய தலை, பெரிய கண், தாழ்ந்த கண்வரிசை, உப்பிய கன்னம் என்ற குழந்தைச் சாயல் நம்மிடம் பரிவைத் தூண்டுகிறது என்று விலங்குகளின் நடத்தையை ஆராய்ந்த கோன்ராட் லோரன்ஸ் 1943-இல் எழுதினார். உயிரியலாளர் ஸ்டீபன் ஜே கூல்டு 1979-இல் மிக்கியின் படங்களை அளந்தே பார்த்தார். காலப்போக்கில் கண்ணின் அளவு தலை நீளத்தில் 27 சதவீதத்திலிருந்து 42 சதவீதமாக வளர்ந்திருந்தது. எலிக்கு வயது ஏற ஏறக் குழந்தையாகிக்கொண்டே வந்திருக்கிறது.

உங்களுக்கான பாடம்: அளவை முதலிலேயே முடிவு செய்து எழுதிவையுங்கள்.

மாதிரித் தாள் உண்மையிலேயே தேவையா? ஒரே ஒரு படம்தானே வரைகிறேன்.

ஒரு படத்துக்குத் தேவையில்லை. ஆனால் அனிமேஷனின் கணக்கைப் பாருங்கள். நொடிக்கு 24 சட்டங்கள். ஒரு படத்தை இரண்டு சட்டங்களுக்கு நிறுத்தினால் நொடிக்கு 12 படங்கள். ஏழு நிமிடக் குறும்படத்தில் ஓர் உருவம் முழு நேரமும் அசைந்தால் 5,040 படங்கள், அதுவும் பல கைகளில். அத்தனையிலும் அதே ஆள் இருக்க வேண்டும். அதனால்தான் முன், பக்கம், முக்கால் (முன்னுக்கும் பக்கத்துக்கும் இடைப்பட்ட கோணம்), பின் என்று நான்கு பக்கமும் வரைந்த தாள் தேவைப்பட்டது. டிஸ்னி கூடத்தில் 1930-களின் இறுதியில் ஜோ கிராண்டின் தலைமையில் இயங்கிய பிரிவு, உருவங்களைச் சிறு களிமண் சிலைகளாகவே செய்து கலைஞர்களின் மேசையில் வைத்தது.

இதை நீங்களும் செய்யலாம். பிள்ளையார் சதுர்த்தி முடிந்து மிஞ்சிய களிமண் போதும். உங்கள் உருவத்தைச் செய்ய முயலும்போது, மூக்கு எந்தப் பக்கத்திலிருந்து முளைக்கிறது என்றே நீங்கள் முடிவு செய்திருக்கவில்லை என்பது பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

பென்சிலில் உயிரோடு இருந்தது, மையிட்டதும் போய்விட்டது.

நீங்கள் கோட்டைப் படியெடுக்கிறீர்கள், வடிவத்தை மறந்துவிட்டீர்கள். மையிடும்போதும் கன்னத்தின் மேட்டை விரலால் தடவுவதாக எண்ணிக்கொள்ளுங்கள். இரண்டு கோடுகள் உரசிக்கொண்டு நிற்காமல், ஒன்று மற்றதன் பின்னால் தெளிவாக மறையட்டும். பிறகு தாளைத் திருப்பி வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். பிழைகள் தாமாக எழுந்து நிற்கும்.

பென்சிலா, டேப்லெட்டா?

எது பக்கத்தில் இருக்கிறதோ அது. கணினியில் வரைய விரும்பினால் கிரிட்டா என்ற மென்பொருள் இலவசம். தாளில் என்றால் கட்டமைப்புக்கு நீலப் பென்சில், முடிவுக் கோட்டுக்குக் கறுப்பு. திரள்கள் கண்முன் நிற்கும், குழப்பம் வராது.

அசையாத பத்திரிகை கார்ட்டூனுக்கும் இது பொருந்துமா?

பொருந்தும். ஆனந்த விகடனில் கோபுலு வரைந்தவற்றை எடுத்துப் பாருங்கள். தஞ்சாவூர்க்காரர், 1924-இல் பிறந்து 2015-இல் மறைந்தவர். கோடு சிக்கனமானது, நிழலுக்கு அதிக வேலை கிடையாது. ஆனாலும் திண்ணையில் உட்கார்ந்தவரின் எடை திண்ணையில் இறங்குகிறது, வேட்டி முழங்காலைச் சுற்றி வளைகிறது. சொல்லே இல்லாத நகைச்சுவைப் படம் வரைய அந்த உடம்புகளால்தான் முடியும்.

பிறர் படங்களைப் பார்த்து வரைவது தவறா?

கற்பதற்கு வரைந்தால் தவறில்லை. உங்கள் பெயரில் வெளியிட்டால் தவறு. வெளிக்கோட்டை மட்டும் பார்த்துப் போடாதீர்கள். முதலில் உள்ளே இருக்கும் உருண்டைகளைக் கண்டுபிடித்து, அவற்றின் மேல் கட்டுங்கள். அடுத்து மூலத்தை மூடிவிட்டு, அதே உருவத்தை மூலத்தில் இல்லாத வேறொரு கோணத்தில் வரையுங்கள். வந்தால் கற்றுக்கொண்டீர்கள்.

தினமும் எவ்வளவு நேரம்? எங்கே தொடங்குவது?

நாற்பது நிமிடம் போதும். பத்து நிமிடம் பந்து, பத்து நிமிடம் சாக்கு, இருபது நிமிடம் ஒரே உருவத்தை ஒரே உணர்ச்சியில் ஆறு விதமாக. ஆறில் முதல் இரண்டும் எல்லோருக்கும் தோன்றுபவை. நான்காவதில் மனம் சலிக்கும். ஐந்தாவதில்தான் உங்கள் சித்தப்பா கோபத்தில் துண்டை உதறித் தோளில் போடும் விதம் நினைவுக்கு வரும். அதை வரையுங்கள்.

என் மகளுக்கு ஒன்பது வயது. இப்போதே இந்தப் பாடங்களைத் தொடங்கலாமா?

பந்து, களிமண், கண்ணாடி மூன்றையும் கொடுங்கள். விதிகளைச் சொல்ல வேண்டாம். அவள் வரைந்த பூனையைக் காட்டினால் “இது இப்போது எதற்காகக் காத்திருக்கிறது?” என்று கேளுங்கள். பதில் சொல்லிக்கொண்டே அவள் வாலைத் திருத்தத் தொடங்குவாள்.